முழங்கால் தண்ணீரில் தூண்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடலுக்குள் இறங்கி நின்று தூண்டில் போடுவது பற்றி மும்பை, தானே, நவி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: சென்னையில் இருந்தவரை இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நின்று தூண்டில் போட்டிருக்கிறேன். நீச்சலும் தெரியும். இப்போது செம்பூருக்குக் குடிவந்திருக்கிறேன். இங்கே கடல் வற்றியதும் தெரிகிற மணல்மேடு வரை நடந்துபோய் நிற்கலாமா?
– வாசகர், செம்பூர்

நடந்து போய்விடலாம். நடந்தே திரும்ப முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியில்கூடக் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். மும்பையில் அதே நாள்களில் அது 4 மீட்டரைத் தாண்டும். ஆறு மணி நேரத்துக்குள் ஒரு மாடி உயரத்துக்கு மேல் தண்ணீர் வந்து நிற்கிறது. சென்னையில் பழகிய கண்ணுக்கு இது பிடிபடவே சில மாதம் ஆகும்.

கணக்காகவே பாருங்கள். காலை 6.10-க்கு வற்றம் 0.6 மீட்டர், பகல் 12.20-க்கு ஏற்றம் 4.4 மீட்டர் என்று கடல் ஏற்ற இறக்க அட்டவணை சொல்கிறது. இடைவெளி 3.8 மீட்டர். இது மணிக்கு மணி சமமாக ஏறாது. மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, பிறகு 3, 3, 2, 1 என்று ஏறும். அதாவது முதல் ஒரு மணி நேரத்தில் 32 சென்டிமீட்டர்தான். அதைப் பார்த்துவிட்டு, "மெதுவாகத்தானே ஏறுகிறது" என்று நிற்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். இரண்டாவது மணியில் 63, மூன்றாவதில் 95 சென்டிமீட்டர். முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வர அப்போது அரைமணி நேரம் போதும். கரை தட்டையாக, நூறு அடிக்கு ஓர் அடி சரிவில் இருந்தால் நீர்விளிம்பு நிமிஷத்துக்கு ஒன்றரை மீட்டர் கரையை நோக்கி ஓடிவரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மணல்மேட்டுக்கும் கரைக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். வற்றத்தில் அதில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும், கவனிக்காமலே தாண்டியிருப்பீர்கள். மேடு பள்ளத்தைவிட 70 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் நிற்கிற உங்களுக்குத் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஏறியிருக்கும்போது பள்ளத்தில் 85 சென்டிமீட்டர் நிற்கிறது. ஏறுகிற கடல் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் புகுகிறது என்பதால் பக்கவாட்டில் நீவாடும் (நீரோட்டமும்) இழுக்கும். முன்னால் பார்த்தால் ஆழமே இல்லை, பின்னால் வழி போய்விட்டது.

ஆகவே வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறங்குங்கள். வடிகிற தண்ணீரோடு முன்னே போங்கள். அட்டவணையில் வற்றம் எத்தனை மணிக்கோ அந்த நேரத்தில் திரும்பி நடக்கத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு 20 நிமிஷம் முன்பு போனில் அலாரம் வையுங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்தான். ஏற்றத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் மீன் நன்றாக மேயும் என்பது உண்மையே. அதைக் கரையோரம் நின்று பிடியுங்கள்.

கூடவே ஐந்தடி மூங்கில் கம்பு ஒன்று. அடியிலிருந்து 45, 75 சென்டிமீட்டரில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். முதல் டேப்தான் நிற்கிற இடத்துக்கு எல்லை. பள்ளத்தைத் தாண்டும்போது இரண்டாவது டேப் நனைந்தால் அன்றைக்கு மேடு வேண்டாம். ஆக்ஸா கடற்கரையில் இந்தக் கணக்கும் உதவாது. அங்கே அடித்தரை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். அங்கே கால் நனைக்காமல் கரையிலிருந்தே வீசுங்கள்.

கேள்வி: அட்டவணை இல்லாமல் ஏற்றம், வற்றத்தை மதிப்பிட வழி உண்டா?
– வாசகர், மாட்டுங்கா

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று ஏற்றம் பகல் 12 மணியையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். வற்றம் காலை, மாலை 6 மணி வாக்கில். அதன்பின் திதிக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம், தள்ளிப்போகும். அஷ்டமி அன்று எட்டு முறை 48 நிமிஷம் கூட்டினால் ஏற்றம் மாலை ஆறரை வாக்கில், வற்றம் பகல் 12-ஐ ஒட்டி. அஷ்டமி, நவமியில் ஏற்ற இறக்கம் குறைவு. புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்ற நாள்கள் அவைதான். நாள் பார்த்து நல்ல காரியம் செய்பவர்கள் தவிர்க்கிற திதிகள் என்பது வேறு விஷயம்.

இது மதிப்பீடுதான், முக்கால் மணி வரை பிசகும். இறங்கும் முன்பு அப்போலோ பந்தர் அட்டவணையைப் பாருங்கள். தானே, வாஷி கழிமுகப் பக்கம் அந்த நேரத்துக்குப் பிந்தித்தான் தண்ணீர் வந்துசேரும். மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் கேட்டால் 'பர்த்தி' என்றால் ஏற்றம், 'ஓஹோட்டி' என்றால் வற்றம். அந்த இரண்டு மராத்தி வார்த்தைகளைத் தெரிந்துவைத்துக்கொண்டு கரையில் வலை காயவைப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது எப்போதும் நல்லது.

கேள்வி: வெளிநாட்டு வீடியோக்களில் மார்பு வரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அது அவசியமா? காலுக்கு என்ன போடுவது?
– வாசகர், முலுண்ட்

அது வேடர் என்கிற உடுப்பு. குளிர்ந்த தண்ணீரில் உடம்பு விறைத்துப்போகாமல் இருக்க அதைப் போடுகிறார்கள். மும்பைக் கடல் ஜனவரியிலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இங்கே அதைப் போட்டால் உள்ளே வியர்த்து ஊறுவீர்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்து எழுந்து நடக்க விடாது. வேண்டாம். சீக்கிரம் காயும் முழுநீளப் பாலியஸ்டர் பேன்ட் போதும். ஜீன்ஸ் கூடாது: தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், முழங்காலை மடக்க விடாது. பேன்ட்டுக்குள் கால்பந்து சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டால் சொறி (ஜெல்லிமீன்) படுவதும் குறையும்.

செருப்பில்தான் காசைச் செலவழிக்க வேண்டும். பாண்ட்ரா, வொர்லி பக்கப் பாறைகள் கறுப்புக் கருங்கல். அதன்மேல் ஒட்டியிருக்கும் சிப்பியின் விளிம்பு பிளேடுதான். ரப்பர் செருப்பு சேற்றோடு போய்விடும். கம்பூட்டில் தண்ணீர் புகுந்தால் காலுக்கு மூன்று நான்கு கிலோ சுமை. கணுக்காலை மூடி, லேஸ் கட்டுகிற, அடிப்பாகம் கட்டைவிரலால் அழுத்தினால் வளையாத ஷூ வேண்டும். அதில் தண்ணீர் வெளியேறப் பக்கவாட்டில் துளை இருக்கட்டும். சாக்ஸ் போட்டுக்கொண்டு மாட்டிப் பார்த்து, அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். பாசி படிந்த பாறையில் எந்த ரப்பர் அடியும் வழுக்கும். கம்பளி ஒட்டிய அடிதான் பிடிக்கும். ஆனால் அது சேற்றில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். பாறைக்கும் கழிமுகத்துக்கும் ஒரே ஷூ என்று ஒன்று கிடையாது. மழைக்காலத்தில் அந்தப் பாறைகளுக்கே போகாதீர்கள் என்பது எங்கள் கருத்து. அலை இழுத்துக்கொண்டு போனபின் ஷூ என்ன செய்யும்?

கேள்வி: லைஃப் ஜாக்கெட் போட்டால் வீச முடிவதில்லை. மெல்லிசாக, விழுந்தால் தானாகக் காற்று நிரம்புகிற வகை வாங்கலாமா?
– வாசகர், நேரூல்

மெல்லிசு வாங்குங்கள், 'தானாக' வேண்டாம். அந்த வகையில் தண்ணீர் பட்டால் கரைகிற ஒரு மாத்திரை இருக்கிறது. அது கரைந்ததும் ஊசி பாய்ந்து கேஸ் குப்பியைத் துளைக்கும். இடுப்புத் தண்ணீரில் அலை ஒருமுறை நெஞ்சில் அடித்தாலே வெடித்து நிரம்பிவிடும். மும்பை ஈரக்காற்றில் அலமாரியிலேயே மாத்திரை கெட்டும் போகலாம். நாமே இழுத்து நிரப்புகிற வகை தண்ணீரில் நிற்பவர்களுக்குச் சரி. 150 நியூட்டன் மிதப்பு என்று எழுதியிருக்க வேண்டும். குப்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி எடை போடுங்கள். மேலே பொறித்திருக்கும் எடையைவிடக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். நீச்சல் தெரியாதவர் இதை வாங்கவே கூடாது. பதற்றத்தில் கை அந்தக் கயிற்றைத் தேடாது. அவருக்கு நுரை வைத்த சாதா ஜாக்கெட்தான்.

கேள்வி: ராவஸ், கொடுவா மீன்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒரே செட் போதுமா? ரீலின் பிரேக்கை எவ்வளவு இறுக்குவது என்பதும் புரியவில்லை. ஒருமுறை லைன் அறுகிறது, மறுமுறை முள் கழன்று வருகிறது.
– வாசகர், கார்கர்

போதும். எட்டரை அல்லது ஒன்பதடி ஸ்பின்னிங் ராடு, 15-லிருந்து 30 கிராம் எடையை வீசக்கூடியது. 4000 அளவு ரீல். 20 பவுண்டு பின்னல் நூல் 200 மீட்டர். முனையில் ஒன்றரை மீட்டர், 30 அல்லது 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் தங்கூசி, அதாவது பின்னாத ஒற்றை இழை நூல். கொடுவாயின் செவுள்மூடி கத்தி மாதிரி. பின்னல் நூலை நேராகத் தூண்டிலில் கட்டினால் தலையை ஒரு சிலுப்பு சிலுப்பி அறுத்துவிடும். உங்களுக்கு நூல் அறுந்தது பாதி இதனால் இருக்கலாம்.

மீதிப் பாதி பிரேக். நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு நூல் வழுக்கிப் போக வேண்டும். 20 பவுண்டு என்பது 9 கிலோ. அதில் கால்வாசி இரண்டேகால் கிலோ. வீட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழுக்க நிரப்பி, இன்னொரு கால் லிட்டர் பாட்டிலையும் சேர்த்துக் கட்டுங்கள். ராடின் வளையங்கள் வழியாக நூலைக் கோத்து, பாட்டில் கழுத்தில் முடிச்சுப் போட்டு, ராடை 45 டிகிரி சாய்த்துத் தூக்குங்கள். பாட்டில் தரையைவிட்டு எழுந்து, ஓரிரு விநாடி நின்று, பிறகு நூலை மெல்ல இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். எழவே இல்லையென்றால் தளர்ச்சி. முள் மீன்வாயில் ஏறாமல் கழல்வது அதனால்தான். எழுந்து அப்படியே தொங்கினால் இறுக்கம். இறங்கும்போது சீராக இறங்குகிறதா, விட்டுவிட்டுக் குதிக்கிறதா என்றும் பாருங்கள். குதித்தால் பிரேக் வட்டுகளில் உப்பு ஏறியிருக்கிறது, எவ்வளவு திருகினாலும் நூல் அறும்.

மூன்று கொக்கி முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் போடுங்கள், அதன் எதிர்முள்ளையும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். தொடையருகே துள்ளும் மீனைக் கையாளுபவருக்கு மூன்று கொக்கி தேவையற்ற தொல்லை.

கேள்வி: திருக்கை கொட்டும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையில் எவ்வளவு ஆபத்து?
– வாசகர், தாராவி

வெறும் பயமுறுத்தல் இல்லை. 2013 கணபதி விசர்ஜனின்போது கிர்காவ் சௌபாட்டியில் தண்ணீரில் இறங்கிய பலரைத் திருக்கை குத்தியது. திருக்கை தேடிவந்து குத்தாது. மணலுக்குள் புதைந்து கிடக்கும். முதுகில் மிதித்தால் வால் மேலே சுழலும், முள் கணுக்காலில் இறங்கும். அதனால் தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி நடக்கக் கூடாது. பாதத்தைத் தரையோடு உரசித் தள்ளிக்கொண்டே போக வேண்டும், மெழுகுத் தரையில் சாக்ஸோடு நடக்கிற மாதிரி. பாதம் பக்கவாட்டில் இடித்தால் திருக்கை விலகி ஓடிவிடும். மூங்கில் கம்பையும் முன்னால் தட்டிக்கொண்டு போகலாம்.

குத்திவிட்டால் உடனே கரையேறுங்கள். காயத்தைக் கழுவிவிட்டு வெந்நீரில் காலை முக்க வேண்டும். அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும் புரதம். சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. கொதிக்கிற தண்ணீர் ஒரு லிட்டரும், குழாய்த் தண்ணீர் மூன்று லிட்டருக்குச் சற்று மேலும் கலந்தால் அந்தச் சூடு வரும். குத்துப்பட்ட காலால் சூடு பார்க்காதீர்கள், அது மரத்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் கையை விட்டுப் பார்க்கட்டும். 30-லிருந்து 90 நிமிஷம் வரை, ஆறினால் மாற்றி மாற்றி வையுங்கள். கரையில் கட்டிங் சாய் விற்பவர் இருந்தால் அவர் பிளாஸ்கில் உள்ளதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள், டீ இல்லாத வெந்நீராக இருந்தால்! பிறகு மருத்துவமனை கட்டாயம். முள்ளின் துணுக்கு உள்ளே முறிந்து நின்றுவிடும், அதை எக்ஸ்ரேயில்தான் தேட வேண்டும். டெட்டனஸ் ஊசியும் தேவை. முள் வயிற்றிலோ நெஞ்சிலோ கழுத்திலோ இறங்கியிருந்தால் பிடுங்கக் கூடாது. அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கெளுத்தி குத்தினாலும் இதே வைத்தியம்தான். அதன் முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் முள் உண்டு, செத்தபிறகும் குத்தும்.

மழைக்காலத்தில் ஜூஹூவில் கரை ஒதுங்கும் நீலக்குமிழ்ச் சொறி வேறு. 2018 ஆகஸ்டில் அங்கே ஏராளமானோர் அதனிடம் மாட்டினார்கள். அதற்குக் கடல்நீரிலேயே கழுவி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு வெந்நீர். மணல் தேய்ப்பதும் வினிகர் ஊற்றுவதும் வேண்டாம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலோடு கடலில் இறங்கிவிடுகிறார். காலில் சிறு வெட்டு வந்தாலும் ஆற நாளாகிறது. சொன்னால் கேட்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
– வாசகி, டோம்பிவிலி

அம்மா, அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். சிப்பி அறுத்தது வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால்தான் தெரியும். வெதுவெதுப்பான உப்புநீரில் விப்ரியோ என்ற கிருமி வாழ்கிறது. வெட்டுக்காயம் வழியாக உள்ளே போனால் சர்க்கரை நோயாளிகளையும் ஈரல் கெட்டவர்களையும் மிக வேகமாகத் தாக்கும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு படர்வது, இரத்தம் கோத்த கொப்புளம், காய்ச்சல், காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த மணிக்கே அவசரப் பிரிவு. போனதும் "கடல்தண்ணீர் பட்ட காயம், சர்க்கரை இருக்கிறது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

காலில் ஆறாத புண் இருக்கும் நாளில் தண்ணீரில் இறங்குவதில்லை, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டும் இல்லை. படகுத்துறையிலோ படிக்கட்டுத்துறையிலோ நின்று வீசலாம், அங்கேயும் மடவை வரும். புண் ஆறியபின் இறங்கினாலும், மருத்துவர் பாதத்தைப் பார்த்துச் சரி என்ற பிறகே. கரையேறியதும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் விரலிடுக்கு உட்பட உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் அம்மா பார்க்கட்டும். சண்டை அந்த ஐந்து நிமிஷத்துக்காவது நிற்கும்.

கேள்வி: கழிமுகச் சேற்றில் கால் புதைந்தால் எப்படி வெளியே வருவது?
– வாசகர், வாஷி

முதலில், தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015 முதல் பூநாரைச் சரணாலயம். அங்கே அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். மற்ற இடங்களில் சேறு முழங்காலைத் தொட்டால் அதற்கு மேல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

புதைந்துவிட்டால் காலை நேராக மேலே இழுப்பது வீண். பாதத்துக்குக் கீழே காற்றோ தண்ணீரோ புக வழியில்லாததால் சேறு உறிஞ்சிப் பிடிக்கிறது. ஒரு காலை இழுக்க இழுக்க மற்றக் கால் இன்னும் இறங்கும். பின்னால் சாய்ந்து உட்காருங்கள், தேவைப்பட்டால் படுத்தேவிடுங்கள். உடம்பின் எடை பரவியதும் இறங்குவது நிற்கும். ஒரு காலை மட்டும் சிறு வட்டமாக ஆட்டி ஆட்டித் தண்ணீரை உள்ளே விட்டு உருவுங்கள். ஷூ வரவில்லையென்றால் லேஸை அவிழ்த்து அதைச் சேற்றுக்கே விட்டுவிடுங்கள். பிறகு வந்த வழியே முட்டியிலும் முழங்கையிலும் ஊர்ந்து வர வேண்டும். கூட வந்தவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவரும் புதைவார். பலகையோ ஐஸ்பெட்டி மூடியோ தள்ளிவிடட்டும். ஏற்றம் தொடங்கிவிட்டால் வெட்கப்படாமல் 112-ஐயும், கடலோரக் காவல்படையின் 1554-ஐயும் அழையுங்கள். போன் கழுத்தில் தொங்கும் நீர்புகா உறையில் இருந்தால்தான் இது நடக்கும், பையின் அடியில் இருந்தால் நடக்காது.

கேள்வி: ரீலை ஒவ்வொரு முறையும் வாளியில் முக்கிக் கழுவுகிறேன், கிரீஸும் தாராளமாக வைக்கிறேன். ஆனாலும் கைப்பிடி பின்பக்கமாகச் சுற்றுகிறது. ஏன்?
– வாசகர், ஐரோலி

இரண்டுமே காரணம். முக்கினால் உப்புநீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே போகிறது. பின்னோக்கிச் சுற்றாமல் தடுப்பது உள்ளே உள்ள சின்ன உருளைகள் கொண்ட கிளட்ச். அந்த உருளைகள் தண்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அங்கே கிரீஸ் போனால் வழுக்குகிறது. கழற்றி, அந்தக் கிளட்ச்சை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு துளி விடுங்கள். கிரீஸ் பல்சக்கரத்துக்கு மட்டும்.

இனிமேல் பிரேக்கை முழுக்க இறுக்கிவிட்டு, மெல்லிய ஷவரில் ஒரு நிமிஷம் காட்டுங்கள். துணியால் துடைத்து, பிரேக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். நூல் உருண்டு ஓடும் சின்ன உருளைக்கு மாதம் ஒரு துளி எண்ணெய். அது உறைந்து நின்றால் பின்னல் நூல் ஒரே இடத்தில் உரசிப் பிசிறடிக்கும்.

கேள்வி: தூரத்தில் இடி கேட்டால் உடனே ஏற வேண்டுமா?
– வாசகர், மலாட்

ஆம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குள் என்றால் பத்து கிலோமீட்டர் தூரம்தான். கிராஃபைட் ராடு மின்சாரம் கடத்தும், சுற்றிலும் உயரமாக நிற்பதும் அது ஒன்றுதான். ராடைப் படுக்கவைத்துப் பிடித்தபடி கரையேறி, கூரைக்குடிசையில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிச்சத்தத்துக்குப் பிறகு 30 நிமிஷம் கழித்தே திரும்பலாம். மே கடைசியிலும் அக்டோபரிலும் சாயங்கால வற்றத்துக்கு இறங்குபவர்கள் கிழக்கு வானத்தையும் அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். மேற்கே கடலையே பார்த்து நிற்பவர்களுக்கு மேகம் முதுகுப்பக்கமாக மலையிலிருந்துதான் வரும்.